சோதனை: ஒரு சொல்லும் மனித விருப்பமும்

தமிழ்க் கிறித்தவர்கள் நாள்தோறும் புழங்கும் சொற்களில் ஒன்று சோதனை. பாவத்துக்கு இழுக்கும் ஆசைக்கு அது பெயர். நம்பிக்கையைப் புடமிட்டுப் பார்க்கக் கடவுள் அனுமதிக்கும் துன்பத்துக்கும் அதுவே பெயர். நாளடைவில் நோய், கடன், வேலையிழப்பு, விபத்து என்று வாழ்க்கையில் நேரும் எந்த இடரையும் குறிக்க அது போதுமானதாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் பென்னலூர் போன்ற ஓர் ஊரில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத தொழிலாளி ஒருவர் ஜெபக்கூட்டத்தில் எழுந்து, இது கர்த்தர் எனக்கு வைத்த சோதனை என்று சாட்சி சொன்னால் எவரும் வியக்கமாட்டார்கள். அந்தச் சாட்சியில் உண்மையான விசுவாசம் இருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவெடுத்த மனிதர்கள் அந்த வாக்கியத்தில் இல்லை.

கடவுள் எல்லாவற்றையும் முன்னறிகிறார் என்பதும், மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளி என்பதும் கிறித்தவ நம்பிக்கையின் இரு தூண்கள். இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்பது இறையியலின் பழைய கேள்வி. தமிழில் இந்தக் கேள்வியைச் சிக்கலாக்குவது முன்னறிவு என்ற கருத்தைக் காட்டிலும் சோதனை என்ற சொல்லின் புழக்கமே.

மூலத்திலேயே இருக்கும் இருபொருள்

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் பெய்ராஸ்மோஸ் என்ற ஒரே சொல் சோதித்துப் பார்ப்பதையும் பாவத்துக்குத் தூண்டுவதையும் குறிக்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் வழக்கில் உள்ளன. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சோதனை என்ற ஒரே சொல்லைக் கொண்டு மூலத்தின் இருபொருளை அப்படியே காத்தனர். மொழிபெயர்ப்பு என்ற அளவில் இது நேர்மையான முடிவு. ஆனால் வாசகர் எந்தப் பொருளை எங்கே கொள்வது என்பதைத் தாமே பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

பிரித்தறிய வேண்டிய இடங்கள் பல. ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமைச் சோதிப்பவர் கடவுள். யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரமோ, கடவுள் தன்னைச் சோதிப்பதாக யாரும் சொல்லக்கூடாது என்கிறது; ஒவ்வொருவரும் தம் சொந்த இச்சையாலேயே இழுக்கப்படுகிறார் என்று விளக்குகிறது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இயேசுவை வனாந்தரத்துக்குக் கொண்டுபோவது ஆவியானவர், அங்கே சோதிப்பது பிசாசு. தாவீது மக்களைக் கணக்கெடுத்த நிகழ்ச்சியில் அவரை ஏவியவர் கடவுள் என்கிறது சாமுவேலின் இரண்டாம் புத்தகம். அதே நிகழ்ச்சியைக் கூறும் நாளாகமத்தின் முதல் புத்தகம் சாத்தான் என்கிறது. யார் செய்தது, யார் செய்ய விட்டது என்ற கேள்வியோடு வேதாகமமே மல்லுக்கட்டியிருக்கிறது.

ஒரு ஜெபம், இரண்டு வினைகள்

இந்தச் சிக்கல் தமிழில் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் கர்த்தர் கற்பித்த ஜெபம். 1871இல் ஹென்றி பவரின் தலைமையில் வெளிவந்து சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் ஓதப்படும் மொழிபெயர்ப்பு, சோதனைக்கு ‘உட்படப்பண்ணுதல்’ என்ற பிறவினையைக் கையாள்கிறது. சோதனைக்குள் மனிதனைச் செலுத்தும் செயலைக் கடவுளோடு சேர்த்து, அதைச் செய்யாதிருக்கும்படி வேண்டுகிறது. கத்தோலிக்கர் சொல்லும் தமிழ் ஜெபத்தில் உள்ள வினையோ ‘விழவிடாதேயும்’ என்பது. அங்கே விழுபவன் மனிதன். விடாமல் பிடித்துக்கொள்ளும்படி கடவுளிடம் கேட்கிறான்.

ஒரு குழந்தையை ‘விழவைத்தான்’ என்பதற்கும் ‘விழவிட்டான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பேசும் எவரும் விளக்கமின்றி அறிவர். முதலதில் தள்ளிய கை இருக்கிறது. இரண்டாவதில் பிடிக்காமல் விட்ட கை இருக்கிறது.

கிரேக்க மூலத்தின் வினை உள்ளே கொண்டுபோதல் என்ற பொருளுடையது. அந்த வகையில் சீர்திருத்தச் சபைகளின் வடிவமே மூலத்துக்கு நெருக்கமானது. 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ், இத்தாலிய ஜெபத்தில் இருந்த இதே போன்ற சொல்லாட்சி நல்ல மொழிபெயர்ப்பு அல்ல, மனிதனை வீழ்த்துபவர் கடவுள் அல்ல என்று கூறினார். அதே ஆண்டு பிரெஞ்சு வடிவமும், 2020இல் இத்தாலிய வடிவமும் திருத்தப்பட்ட நிலையில் வழிபாட்டுக்கு வந்தன. அந்தத் திருத்தம் சொல்ல விரும்பிய பொருள் தமிழ்க் கத்தோலிக்கரின் வாயில் ஏற்கெனவே பழகியிருந்தது. மூலத்துக்கு நெருக்கம் ஒரு பக்கம், இறையியல் கவனம் மறுபக்கம். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒன்றை இழக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்து வாசிப்பவருக்கே முழுச் சிக்கலும் புலப்படும்.

அறிவது செய்விப்பது ஆகுமா?

கடவுள் முன்பே அறிந்தால் அது நடந்தே தீரும், நடந்தே தீருமென்றால் மனிதனுக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை என்பது இயல்பாக எழும் வாதம். 524ஆம் ஆண்டளவில் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த போயத்தியஸ் இதற்கு ஒரு விடை எழுதினார். கடவுள் காலத்துக்குள் நின்று எதிர்காலத்தை எட்டிப் பார்ப்பவர் அல்லர். எல்லாக் காலமும் அவருக்கு ஒரே நிகழ்காலம் என்பது அவருடைய வாதம். நடந்துபோகும் ஒருவனை மற்றொருவன் பார்ப்பதால் நடப்பவன் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஒரு காட்சியைத் தந்தார். சாலையில் செல்பவன் தனக்குப் பின்னால் வருபவர்களைக் காண்பதில்லை. உயரத்தில் நிற்பவன் சாலையில் செல்லும் எல்லாரையும் ஒருங்கே காண்கிறான்.

நற்செய்தி நூல்கள் இதை வாதமாகச் சொல்லாமல் கதையாகச் சொல்கின்றன. பேதுரு தம்மை மறுதலிப்பார் என்று இயேசு முன்கூட்டியே கூறுகிறார். மறுதலித்த பின் பேதுரு மனங்கசந்து அழுகிறார். முன்பே சொல்லப்பட்டதுதானே நடந்தது, நான் என்ன செய்வேன் என்று அவர் வாதாடவில்லை. முன்னறிவிப்பு அவருடைய குற்றத்தைக் குறைத்ததாக அவருக்கே தோன்றவில்லை. முன்னறிவுக்கும் பொறுப்புக்கும் உள்ள உறவைப் பற்றி வேதாகமத்தில் இதைவிடத் தெளிவான காட்சி வேறில்லை.

ஆபிரகாமின் சோதனை முடிந்ததும் கடவுள் ‘இப்போது’ அறிந்துகொண்டதாகப் பேசுவது இந்த விளக்கத்துக்கு இடைஞ்சலாகத் தோன்றும். எல்லாம் அறிந்தவர் சோதித்துத்தான் அறிய வேண்டுமா? மற்றவர்கள் அறியச் செய்தேன் என்பதே அதன் பொருள் என்று அகஸ்தீன் விளக்கினார். சோதிப்பவரின் அறியாமையைப் போக்குவதற்காக அன்றி, சோதிக்கப்படுபவர் எத்தகையவர் என்பது வெளிப்படுவதற்காக நிகழ்வதே சோதனை என்பது இதன் சாரம்.

கொல்லைப்புறம் வழியே வந்த விதி

இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்த ஆண்டு 1606. அப்போது ரோமில் இயேசு சபையினருக்கும் தொமினிக்கன் சபையினருக்கும் இடையே அருளும் மனித விருப்பமும் பற்றிய பெரும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. இயேசு சபையைச் சேர்ந்த மொலினா 1588இல் வெளியிட்ட நூல் அதைத் தூண்டியது. எந்தச் சூழ்நிலையில் எந்த மனிதன் தன் விருப்பப்படி என்ன செய்வான் என்பதைக் கடவுள் அறிவார், அந்த அறிவைக் கொண்டே உலகை நடத்துகிறார் என்பது மொலினாவின் கருத்து. 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தத் தரப்புக்கும் தீர்ப்பளிக்காமல் விவாதத்தை முடித்துவைத்தார்.

நொபிலி தமிழகத்தில் எதிர்கொண்ட கேள்வி வேறு வடிவில் இருந்தது. இன்றைய இன்பதுன்பங்கள் முற்பிறவி வினையின் பயன் என்ற நம்பிக்கையோடு அவர் வாதிட்டார். மறுபிறவியை மறுத்துத் தமிழில் எழுதினார். அவருக்குப் பின் வந்த கிறித்தவப் பிரசாரகர்களும் விதி, ஊழ், தலையெழுத்து ஆகியவற்றைத் தொடர்ந்து மறுத்தனர். மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பது அவர்கள் முன்வைத்த செய்தியின் முக்கியமான பகுதி.

ஆனால் ஒரு சமூகத்தின் பேச்சுவழக்கு அதன் வாதங்களைக் காட்டிலும் மெதுவாக மாறுவது. விதி என்று சொல்லக்கூடாது என்று கற்றவர்கள், விதி என்ற சொல் நின்ற அதே இடத்தில் சோதனை என்ற சொல்லை வைத்தனர். வாசல் வழியாக அனுப்பப்பட்ட விதி கொல்லைப்புறம் வழியாக வீட்டுக்குள் வந்தது. ‘என் தலையெழுத்து’ என்பதும் ‘எனக்கு வந்த சோதனை’ என்பதும் வாக்கியத்தில் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டிலும் காரணம் மேலே இருக்கிறது, கீழே கேட்பதற்கு எதுவும் இல்லை. சீர்திருத்தச் சபை வேதாகமம் ரோமர் நிருபத்தில் முன்னறிதல், முன்குறித்தல் என்று இரண்டு சொற்களைக் கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பேச்சுவழக்கில் அறிதல் குறித்தலாகி, குறித்தல் எழுத்தாகிவிடுகிறது.

தமிழ் மரபு இந்த விஷயத்தில் முழுக்க விதியின் பக்கம் நின்றதும் இல்லை. திருக்குறளில் ஊழின் வலிமையைக் கூறும் 38ஆம் அதிகாரமும், முயற்சியின் வலிமையைக் கூறும் ஆள்வினையுடைமை என்ற 62ஆம் அதிகாரமும் உள்ளன. இரண்டையும் ஒரே நூல் தாங்குகிறது. அந்தப் பதற்றத்தைக்கூட இன்றைய சோதனைப் பேச்சு இழந்துவிட்டது என்பதே குறை.

ஸ்ரீபெரும்புதூர் தரும் ஓர் எடுத்துக்காட்டு

பென்னலூருக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர், மரபின்படி 1017இல் இராமானுஜர் பிறந்த ஊர். கடவுளின் ஆளுகையும் மனிதனின் செயலும் பற்றிய கேள்வியை இந்திய மெய்யியலில் ஆழமாக ஆராய்ந்தவர்களுள் அவர் ஒருவர். அவர் வழிவந்த வைணவத்தின் இரு பிரிவுகளை விளக்கக் குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும் உவமையாகக் கூறப்படும். வடகலை மரபில் ஆன்மா குரங்குக் குட்டிபோலத் தாயைப் பற்றிக்கொள்கிறது. தென்கலை மரபில் தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்கிறது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் ஓட்டோ 1930இல் வெளியிட்ட நூலில் இந்த மரபைக் கிறித்தவத்தின் அருட்கொள்கையோடு ஒப்பிட்டார்.

எனினும் அந்த உவமை மீட்பைப் பற்றியது. மனிதன் செய்யும் தீமை யாருடையது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அதற்கு இராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்தில், இரண்டாம் அத்தியாயத்தின் மூன்றாம் பாத உரையில் வரும் வேறோர் எடுத்துக்காட்டே பொருத்தமானது. இருவருக்குப் பொதுவான ஒரு சொத்தை ஒருவர் மூன்றாமவருக்குக் கொடுக்க விரும்புகிறார். பங்காளியின் அனுமதியின்றி அது நடக்காது. ஆனால் அனுமதியைக் கேட்டுப் பெற்றவர் அவரே ஆதலால் அதன் பலன் அவரையே சேரும். மனிதச் செயலும் அப்படித்தான். முதல் முயற்சி ஆன்மாவுடையது, கடவுள் அதை நோக்கி அனுமதி தருகிறார் என்பது இராமானுஜரின் விளக்கம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் கூட்டுப் பட்டா நிலத்துக்குக் கையெழுத்திட நின்ற எவருக்கும் இந்த உவமை உடனே விளங்கும்.

இந்த மரபைத் தமிழ்க் கிறித்தவர்கள் அறியாமல் இல்லை. வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை 1894இல் வெளியிட்டார். பனியன் முன்குறித்தலை நம்பிய மரபைச் சேர்ந்தவர். ஆயினும் அவர் கதையில் பயணி நேர்வழியை விட்டு எளிய பாதையில் இறங்குவது தன் முடிவால்தான். தவறிய தூரத்தை அவனே திரும்பி நடக்க வேண்டியிருக்கிறது. பயணம் என்ற கதைவடிவமே விருப்பத்தை விலக்க இடம் தருவதில்லை. பின்னர் கிருஷ்ணபிள்ளையைப் பற்றி நூல் எழுதிய பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, இராமானுஜரிடமிருந்து பெற்ற கருத்துகளின் துணையோடு கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் நூலை 1927இல் வெளியிட்டார்.

இரு மரபுகளும் பிரியும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஏன் ஒருவர் மற்றொருவரைவிடக் கடினமான சூழலில் தொடங்குகிறார் என்ற கேள்விக்கு இராமானுஜரின் அமைப்பில் அநாதியான வினை விடையாக நிற்கிறது. மறுபிறவியை ஏற்காத கிறித்தவத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்தை நிரப்பவே சோதனை என்ற சொல் இழுக்கப்படுகிறது.

சீலோவாம் கோபுரமும் மவுலிவாக்கமும்

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு விபத்தைக் குறிப்பிடுகிறார். எருசலேமில் சீலோவாம் பகுதியில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்திருந்தனர். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்ற கேள்வியை எழுப்பி, இல்லை என்று அவரே விடையளிக்கிறார். அது தண்டனை என்று அவர் சொல்லவில்லை, சோதனை என்றும் சொல்லவில்லை. உயிரோடிருப்பவர்கள் மனந்திரும்ப வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். இறந்தவர்களைப் பற்றிய ஊகத்தை நிறுத்திவிட்டு, இருப்பவர்களின் விருப்பத்தை நோக்கிப் பேச்சைத் திருப்புகிறார்.

2014 ஜூன் 28 அன்று காஞ்சிபுரம் மாவட்ட எல்லைக்குள் இருந்த மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு மழையின்போது இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தனர். பலர் பிற மாவட்டங்களிலும் மாநிலங்களிலும் இருந்து கூலிவேலைக்கு வந்தவர்கள். இடி விழுந்திருக்கலாம் என்ற விளக்கமும் கட்டுமானத் தரப்பிலிருந்து அப்போது முன்வைக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. இடியாமல் நின்ற மற்றொரு கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சியைக் கடவுள் முன்னறிந்தாரா என்று கேட்டால், அறிந்தார் என்றே கிறித்தவ நம்பிக்கை சொல்லும். அந்த விடையால் கம்பியின் அளவும் தூணின் தாங்குதிறனும் மண்ணின் பரிசோதனையும் பற்றிய ஒரு கேள்விகூட விடைபெறுவதில்லை. முன்னறிவு காரணமாகாது என்று போயத்தியஸ் சிறையில் எழுதியதன் நடைமுறைப் பொருள் இதுதான். வானத்தில் அறியப்பட்டிருந்தது என்பதற்காக மண்ணில் விசாரணை நின்றுவிடக்கூடாது. ‘இது கர்த்தரின் சோதனை’ என்ற வாக்கியம், சொல்பவர் விரும்பாவிட்டாலும், இடியைக் காரணம் காட்டும் விளக்கத்தின் பக்கத்தில் போய் அமர்ந்துகொள்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தூணில் விரிசல் இருப்பதை அறிந்தும் வேலையை நிறுத்தாத மேற்பார்வையாளரைச் சட்டம் குற்றவாளி என்கிறது. அறிந்தும் தடுக்காத கடவுள் மட்டும் எப்படி விடுபடுவார்? உயரத்தில் நிற்பவன் சாலையைப் பார்ப்பதாக அக்குவினாஸ் சொன்ன காட்சி இங்கே உதவாது. அவன் வெறும் பார்வையாளன். கடவுள் சாலையையும் பயணியையும் தாங்கி நிற்பவர். இராமானுஜரின் பங்காளியும் இங்கே முழுமையாக உதவுவதில்லை. வாங்குபவன் மோசடிக்காரன் என்று தெரிந்தே கையெழுத்திட்ட பங்காளியை ஊர் சும்மா விடாது. விழவைத்தல், விழவிடுதல் என்ற வேறுபாடு கடவுளைத் தள்ளியவர் என்ற பழியிலிருந்து விடுவிக்கிறது. ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வியிலிருந்து விடுவிப்பதில்லை.

வேதாகமம் இந்தக் கேள்வியைத் தடைசெய்யவில்லை. யோபு அதைக் கேட்கிறான், கடுமையான சொற்களில் கேட்கிறான். அவனுடைய துன்பத்துக்குப் பின்னால் வானில் நடந்த உரையாடல் வாசகருக்குத் தெரியும்; யோபுக்கும் அவன் நண்பர்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் தெரிந்ததுபோல் காரணம் கற்பித்த நண்பர்கள் முடிவில் கடிந்துகொள்ளப்படுகிறார்கள். கேள்வி கேட்ட யோபு கடவுளைப் பற்றிச் சரியாகப் பேசியவனாக ஏற்கப்படுகிறான்.

மதிப்பீடு

துன்பத்தைச் சோதனை என்று அழைக்க வேதாகமத்தில் ஆதாரம் உண்டு. யாக்கோபு, பேதுரு நிருபங்கள் துன்பப்படும் விசுவாசிகளுக்கு அந்தச் சொல்லையே ஆறுதலாகத் தருகின்றன. துன்பத்தில் இருப்பவர் தம் துன்பத்துக்குத் தாமே இட்டுக்கொள்ளும் பெயராக அது இருக்கும்வரை அதில் வலிமை இருக்கிறது. சோர்ந்துபோகாமல் அடுத்த நாளைச் சந்திக்க அது ஒருவரை நிறுத்துகிறது. அந்த வலிமையை எள்ளி நகையாட வேண்டியதில்லை.

அதே சொல் பிறர் துன்பத்துக்கு வெளியிலிருந்து சூட்டப்படும்போது அதன் தன்மை மாறுகிறது. போதகர் சபையாருக்கும், அதிகாரி தொழிலாளிக்கும், கணவன் தன்னால் துன்புறும் மனைவிக்கும் அதைச் சொல்லும்போது அவர்கள் யோபுவின் நண்பர்களின் இடத்தில் நிற்கிறார்கள். துன்பத்தை விளைவித்தவரே அதைச் சொன்னால் யாக்கோபு நிருபம் விலக்கியதை அவர் செய்கிறார். தம் இச்சையின் விளைவைக் கடவுளின் கணக்கில் எழுதுகிறார்.

மனித விருப்பத்தை ஏற்கும் இறையியல், அந்த விருப்பம் பிறருக்கும் உண்டு என்பதையும் ஏற்க வேண்டும். பென்னலூரில் வேலை இழந்தவருக்கு விசுவாசத்தில் நிலைத்திருப்பது ஒரு தேர்வு. அவர் வேலையை முடித்துவைத்தவர்களுக்கும் ஒரு தேர்வு இருந்தது. சபையார் கூடி முன்னதற்காக ஜெபிக்கலாம். பின்னதைப் பற்றி யாரிடம், எங்கே, எந்தத் தாளைக் காட்டிக் கேட்பது என்று விசாரிப்பது அந்த ஜெபத்துக்கு எதிரானதல்ல.